காளவாசல் தெருக் குழாய்

சாணிக் கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலேயே செவந்தி மறுபடியும் கேட்டாள். "அய்யா, ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. எம்புள்ள ஆசுபத்திரியில கெடக்கு."

போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சோலையப்பன் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. வெள்ளாத்தூரில் எந்த ஆட்டோக்காரரிடம் கேட்டாலும் 'சேர்மன் வீடா?' என்று கொண்டுவந்து இறக்கிவிடுகிற வீடு அது. முன்னால் இரண்டு கார், பின்னால் ஆறு மாடு. அந்த ஆறுக்கும் சாணி அள்ளி, புல்லறுத்துப் போட்டு, குளிப்பாட்டி விடுவது பதினோரு வருசமாகச் செவந்தியின் பாடு.

"விடிஞ்சதும் ஆரம்பிச்சிட்டியா? மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

"காட்டிட்டேன்யா. மாட்டுக்கு நல்ல தண்ணி கெடைக்கிது. எங்க தெருவுல மனுசன் குடிக்கிறதுதான் சாக்கடை."

சொன்ன பிறகுதான் வாய் நீண்டுவிட்டது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காளவாசல் தெருவில் குடிதண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் எங்கோ உடைந்து, சாக்கடை கலந்து இரண்டு மாதமாகிறது. குடத்துக்குள் முகத்தைக் கொண்டுபோனால் குமட்டும். மஞ்சக்காமாலையில் நாலு பேர் விழுந்தாயிற்று. அதில் ஒருத்தி ஹரிணி, செவந்திக்கு இருக்கிற ஒரே பிள்ளை.

"ஓட்டுக் கேட்டுப் போனப்ப அந்தக் குழாயடியில நின்னுதானய்யா சொன்னோம், மொத வேல இதுதான்னு."

"எலக்சன்ல ஆயிரம் சொல்றதுதான். அதுக்குன்னு ஒரு முறை இருக்குல்ல? ஆபீசுல மனுக் குடு."

"மூணு நாளாக் குடுக்குறேன்யா. மேனேஜர் சார் ஒங்களக் கேக்கச் சொல்றாரு."

நேற்றும் நகராட்சி ஆபீசில் மேனேஜர் வெற்றிசெல்வன் அவள் மனுவை வாங்கி, மடித்து, டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "சேர்மன் சார் தலையாட்டாம நான் ஒரு ஆணி அடிக்க முடியாதும்மா. இன்னைக்கு அவரப் பாக்க முடியாது. நாளைக்கு வா." முந்தின நாளும் அதே 'நாளைக்கு வா'தான்.

கூடையைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்து, தொட்டித் தண்ணீரில் கையை முக்கித் தேய்த்தாள். சாணி போய்விட்டது. ஆட்காட்டி விரல் நுனியில் ஏறியிருந்த பச்சைக் கறை மட்டும் என்ன தேய்த்தும் போகவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆசுபத்திரியில் ஹரிணிக்குத் துணையிருக்கும் பக்கத்து வீட்டு சத்யபிரியா.

"அக்கா, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம். டாக்டரு ஒரே போடாப் போட்டுட்டாரு. மறுபடியும் அந்தத் தண்ணி வயித்துக்குள்ள போனா தன்கிட்டத் தூக்கிட்டு வராதீங்கங்குறாரு. என்னக்கா பண்ணப் போற?"

செவந்தி போனை இடுப்பில் செருகினாள். ஓடிவந்து சோலையப்பன் காலடியில், சிமெண்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"நாளைக்குப் புள்ளயக் கூட்டிட்டுப் போயி எதைக் குடிக்கக் குடுப்பேன்யா? நாப்பது வீடுய்யா. ஒரு லாரித் தண்ணியாச்சும் அனுப்பச் சொல்லுங்கய்யா!"

"ஏய், எந்திரி, எந்திரி. சேலையெல்லாம் சாணி, வேட்டில பட்டுறப் போவுது." காலை இழுத்துக்கொண்டார். "ஒனக்கு என்ன கொறை வச்சேன்? எலக்சனுக்கு எடுத்துக் குடுத்த பட்டுச்சேலை இன்னும் பொட்டியிலதான இருக்கு? நன்றி வேணும் செவந்தி."

அந்தச் சேலையை அவள் ஒரே ஒரு நாள்தான் கட்டினாள்.

கேட்டுக்குள் ஒரு பைக் வந்து நின்றது. வெற்றிசெல்வன். அக்குளில் ஃபைல்.

"சார், அரிமளம் ரோட்டுப் பைப் லைன் பேப்பர் ரெடி. அஞ்சு மணிக்குள்ள கலெக்டர் ஆபீசுல சேக்கணும். இன்னைக்கு விட்டோம்னா அந்த ஸ்கீம் நம்ம கையில இல்ல."

சோலையப்பன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. அரிமளம் ரோட்டில் அவர் போட்டிருக்கும் பிளாட்டைச் செவந்திக்குத் தெரியும். அங்கே புல்லறுக்கப் போவாள். நட்டு வைத்த வெள்ளைக் கல்லைத் தவிர அங்கே குடித்தனம் எதுவும் இல்லை. அந்தக் கல்லுக்குத்தான் தண்ணீர் போகிறது.

"இதுல காளவாசல் தெரு இருக்காய்யா?" தரையிலிருந்து எழுந்தபடியே கேட்டாள்.

"அது அடுத்த தடவை பாத்துக்கலாம். நீ மொதல்ல அங்கிட்டுப் போயிக் கையத் தொடச்சிட்டு வா."

வெற்றிசெல்வன் பைக் சீட்டில் ஃபைலை விரித்துப் பேனாவை நீட்டினார். "இந்தா, இங்கிட்டு ஒண்ணு, அடுத்த பக்கத்துல ஒண்ணு. வழக்கம்போலத்தான். வெரசாப் போடு."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றினாள். நிப்பின் முனையில் பச்சை மை துளிர்த்து நின்றது.

புள்ளிக்கோட்டுக்குக் கீழே அச்சடித்திருந்ததை முதல் தடவையாக, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்த இடத்திலேயே விரல் நின்றது.

"என்னத்தப் படிக்கிற? மணியாவுது, போடு" என்றார் சோலையப்பன்.

செவந்தி பேனாவை மூடினாள். ஃபைலையும் மூடினாள். பேனாவை அதன் மேல் வைத்துவிட்டு, சாணிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். சோலையப்பன் மடியிலிருந்த பேப்பர் தரையில் விழ எழுந்துவிட்டார்.

அவள் மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்:

"சேர்மன் செவந்திய இன்னைக்குப் பாக்க முடியாது சார். நாளைக்கு வாங்க."