பக்கத்துக் கூடை

அடைகாக்கிற கோழிக்கு எவ்வளவு மறதி என்று உங்களுக்குத் தெரியுமா?

செவலைக்கோழி தன் முட்டைகளை விட்டு இறங்கி, நாலு வாய் நொய் கொத்தி, புழுதியில் புரண்டுவிட்டு அவசரமாக ஓடி வந்தது. வந்த வேகத்தில் பக்கத்துக் கூடையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதில் இருந்ததோ கருப்பிக்கோழி காலையில் இட்ட ஒற்றை முட்டை.

வெயில் சாய்ந்தபோதுதான் வயிற்றுக்கடியில் இடம் காலியாக இருப்பது அதற்கு உறைத்தது.

"ஐயோ, என் முட்டையெல்லாம் ஆறிப்போயிருக்குமே!"

பதறிப்போய் எட்டிப் பார்த்தால், அதன் கூடையில் கருப்பி இறகை விரித்து உட்கார்ந்திருந்தது. 'ஊர்மேய்கிறவள்' என்று செவலை வாய்க்கு வாய் ஏசுகிற அதே கருப்பி.

"வாடி மகராசி! கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், நீ கண்ணு சொக்கிக் கிடந்தே. எனக்குக் கால் மரத்துப்போச்சு."

கருப்பி இறங்கியதும் செவலை முட்டைகளைத் தொட்டுப் பார்த்தது. எல்லாம் இளஞ்சூடாக இருந்தன. அது கருப்பியின் பக்கம் திரும்பியது.

"அக்கா, உன்னை என்னென்னவோ பேசிட்டேனே."

"அதெல்லாம் முட்டைக்குத் தெரியுமா? சூடு ஆறுறதுக்குள்ள உட்காரு."

செவலை முட்டைகளை அணைத்தபடி உட்கார்ந்தது.

"நாளைக்கும் நான் கூடை மாறி ஏறினா, தலையிலே ஒரு கொத்து கொத்தி இறக்கிவிடு அக்கா."