டெஸ்ட் பேஜ்

“பிரிண்டர் கம்பெனியாம்மா? எங்க வூட்டு பிரிண்டரு வைஃபைல சேரவே மாட்டேங்குது.”

ஹெட்போனில் அந்தக் குரல் கேட்டதும் பிரமிளாவின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பெயர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியிலிருந்து பேசுவது எத்திராஜ். அவளைப் பெற்ற அப்பா, அவளுடைய நைனா.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சுரேஷ்பாபுவைக் கல்யாணம் செய்துகொண்டு மாலையும் கழுத்துமாக வாசலில் போய் நின்றபோது, “எனக்குப் பொண்ணே பொறக்கல” என்று கதவைச் சாத்தியவர். அதற்குப் பிறகு அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

“வணக்கம் சார். என் பேர் ரேகா. சொல்லுங்க.”

ரேகா என்பது இந்தத் திருப்பதி ஆபீஸில் வேலைக்காக வைத்துக்கொண்ட பெயர். குரலையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். யாரென்று தெரிந்தால் அந்த நிமிஷமே போனை வைத்துவிடுவார்.

எதிர்முனையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரேகாவா? சரிம்மா. ஒரு வாரமா போன் போட்டுக்கினே கீறேன். ஒவ்வொரு தபாவும் வேற வேற ஆளு எடுக்கறாங்க.”

“சிரமத்துக்கு மன்னிச்சிடுங்க சார். பவர் பட்டன் பக்கத்துல லைட் எரியுதா பாருங்க.”

“எரியுது.”

“என்ன கலர் சார்?”

“அது… பச்சைம்மா.”

அந்தக் கம்பெனி பிரிண்டர் எதிலும் பச்சை விளக்கு கிடையாது. நீலம், இல்லையென்றால் ஆரஞ்சு. கண் இவ்வளவு மங்கிவிட்டதா இவருக்கு? தம்பி யஸ்வந்த் படிப்புக்காக வாங்கி வைத்திருப்பான். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து அல்லாடுகிறார் போல.

“பரவால்ல சார், அது நீலமாத்தான் இருக்கும். ரூட்டரை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன்மா. கொஞ்சம் சீக்கிரம் பாரு. நாளைக்குக் காலைல எங்க வூட்டம்மாவுக்கு திருப்பதில ஆபரேஷன். ரிப்போர்ட்டெல்லாம் போன்லதான் கீது. பேப்பர்ல எடுத்துக்கினு வரச் சொன்னாங்க.”

கண் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரை கலங்கி மறைந்தது. அம்மாவுக்கா? ஆபரேஷனா?

வாடிக்கையாளரிடம் சொந்த விஷயம் பேசக் கூடாது. டீம் லீடர் ஸ்வர்ணலதா எந்த அழைப்பை எப்போது ஒட்டுக் கேட்பாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரிண்டர் வேலை செய்துவிட்டால் இவர் போனை வைத்துவிடுவார். அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

அவள் வேலையை இழுத்தாள். தேவையே இல்லாமல் ரூட்டரை இன்னொரு தரம் ஆஃப் பண்ணச் சொன்னாள். வைஃபை பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னாள். பேப்பர் தட்டைக் கழற்றி மாட்டச் சொன்னாள். அவரும் சளைக்காமல் “ஆச்சும்மா, ஆச்சும்மா” என்றார். ஒரு வார்த்தை கூடக் கோபமாகப் பேசவில்லை. நைனாவுக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது?

கடைசியில் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

“டெஸ்ட் பேஜ் கொடுங்க சார். பேப்பர் வருதா?”

“வந்துடுச்சிம்மா.”

அவ்வளவுதான். வைக்கப் போகிறார். பிரமிளாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அவங்களுக்கு இன்னா சார் ஆச்சி?”

வாய் தவறி ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார். “ஹார்ட்ல வால்வு கெட்டுப் போச்சாம். ரெண்டு மாசமா சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. பயப்படாதன்னா கேக்க மாட்டேங்குது. உள்ள போறதுக்கு முன்ன ஒருத்தர பாத்துட்டுத்தான் போவேன்னு அழுதுகினே கீது.”

யாரை என்று கேட்டால் அழுதுவிடுவாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“வேணும்.” அந்தக் கனத்த குரல் உடைந்தது. “சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வர்றியா? உன் பழைய நம்பருக்குப் போன் போவல. திருப்பதில பிரிண்டர் கம்பெனிக்குப் போன் எடுக்கறன்னு மட்டும்தான் ஊர்ல சொன்னாங்க. நீ எடுக்கற வரைக்கும் போட்டுக்கினே இருந்தேன்.”

“நைனா…”

பக்கத்து நாற்காலிக்காரி திடுக்கிட்டுத் திரும்பி, “ஏமைந்தி?” என்று தெலுங்கில் என்ன ஆச்சென்று கேட்டபடி அவள் தோளைத் தொட்டாள். பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு மாதிரி சுதாரித்துக்கொண்ட பிறகும் வேலைப் பழக்கம்தான் வாயில் வந்தது.

“வர்றேன் நைனா. இப்பவே வர்றேன். நீ அந்த ரிப்போர்ட்டெல்லாம் பிரிண்ட் எடுத்துட்டியா?”

“நம்ம வூட்ல பிரிண்டரே இல்ல, பிரமிளா.”