மேக்கில் ஓடாத புரோகிராம்

பல் டாக்டரான தங்கை புதிதாக மேக் வாங்கியிருந்தாள். பழைய கம்ப்யூட்டர் எந்த நேரமும் மண்டையைப் போட்டுவிடும் போலிருந்தது. கிளினிக் புரோகிராமோ விண்டோஸில்தான் ஓடும். மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்ட எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டதுதான் தாமதம், நோயாளிகளின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அண்ணன் ஆரம்பித்துவிட்டான்.

"இலவசமா கிடைக்கிறது ஆமை மாதிரி நகரும். விலைக்கு விக்கிறவன் வருஷா வருஷம் மொட்டையடிப்பான். ரெண்டும் தண்டம்."

"இல்லண்ணா, அந்த புரோகிராம்..."

"அதுக்குத்தான் வரேன். மேக்ல ஓடாத மாதிரி எவனாவது எழுதுவானா? அரைவேக்காடுங்கள்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா இப்படித்தான். யாருன்னு காட்டு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன்."

தங்கை கையுறையைக் கழற்றிவிட்டுப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். முக்கி முனகி புரோகிராம் திறந்தது. திரையின் உச்சியில், கொட்டை எழுத்தில், அண்ணனின் பெயர்.

"கிளினிக் திறந்தப்ப நீ எழுதிக் குடுத்ததுதான். மேக்லயும் ஓடுமான்னு அப்பவே கேட்டேன். மேக்லாம் முட்டாப்பசங்க வாங்குறதுன்னு சொன்ன."

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நாலு கேள்வின்னியே," என்றாள் தங்கை. "கேளு."