தாய்வார்ப்பில் சேர்த்த இடைவேளை

திருப்பூரில் அந்த ஆலையின் நானூறு தையல் மெஷின்களும் இலக்கு முடியும்வரை நிற்பதில்லை. தைப்பவர் நடுவில் எழுந்தால் அன்றைய வருகை தானாக அழிந்துவிடும். ஏழு மாதக் கர்ப்பிணி ரெஜினா கழிப்பறைக்குப் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பதை, மெஷின்களின் நிரலைக் கவனிக்கும் கோதைநாயகி தினமும் பார்த்தாள்.

போன வாரம் ரெஜினாவின் மெஷினில் மட்டும், கையைத் தூக்கினால் வருகை அழியாமல் மெஷின் நிற்கும்படி ‘இடைவேளை’ என்றொரு செயலைச் சேர்த்தாள். மேற்பார்வையாளர் தண்டபாணி மறுநாளே அந்த மெஷினைக் கழற்றி வேறொன்றை மாட்டினார்.

எல்லா மெஷின்களின் நிரலும் புரோட்டோடைப் என்ற ஒரே மூல நிரலிலிருந்து பிறந்தது. அந்தத் தாய்வார்ப்பில் சேர்த்தால் ஏற்கெனவே ஓடுபவற்றுக்கும் அது வந்துவிடும் என்று மாலை வகுப்பில் படித்திருந்தாள். தப்பாக எழுதி எல்லாவற்றையும் முடக்கிவிட்டால்? நான்கு முறை சரிபார்த்த பிறகே சேர்த்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ரெஜினா கையைத் தூக்கினாள். மெஷின் நின்றது.

“ஏம்மிணி, மறுபடியும் கெடுத்துட்டியா? இதையும் கழட்டச் சொல்றேன்,” என்று தண்டபாணி கோதைநாயகியிடம் வந்தார்.

“கழட்டுங்க சார். புதுசு மாட்டுனாலும் நிக்கும்,” என்றாள் கோதை. “எல்லாத்துக்கும் சேத்து எழுதிட்டனுங்க.”

“நாளைக்கு நீ வேலைக்கு வரவேண்டாம்.”

“சரிங்க.”

பின்வரிசையிலிருந்து கனகமணி கேட்டாள்: “எங்க மெஷினுமா கண்ணு?”

“கையைத் தூக்கிப் பாருங்கக்கா.”

கனகமணி தூக்கினாள். பிறகு அவள் வரிசை முழுவதும், அடுத்தடுத்து மற்ற வரிசைகளும் தூக்க, மெஷின்களின் இரைச்சல் அடங்கியது. தண்டபாணி கத்தியது முதன்முறையாக எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. ஒருவரும் கையை இறக்கவில்லை.