டைம் அவுட்

தொண்ணூற்றாறு டிசம்பர். அடையாறில் ஒரு கல்லூரியின் சிமெண்ட் கூடைப்பந்து மைதானத்தில் மாலை வெயில் பாதிதான் மிச்சமிருக்கிறது. கோட்டருகே நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் அமலி. இந்த ஒரு ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஆட்டம் சமன். தவறினால் எதிரணி ஜெயித்துவிடும். எதிரணியின் கோச் ஜெரால்டு அவளுடைய அப்பா. கல்கத்தா, குவைத், மணிலா என்று ஊர் ஊராக ஆடி, முழங்கால் போன பிறகு போன வருஷம்தான் சென்னைக்குத் திரும்பியவர். அதற்குள் அவளும் அவள் அம்மாவும் சாந்தோமில் அவர் இல்லாமலே வாழப் பழகிவிட்டார்கள். எறிவதற்கு முன் அமலி இடது தோளை லேசாக இறக்குகிறாள். ஜெரால்டும் அப்படித்தான் எறிவார். அவளுக்கு அவர் எதையும் கற்றுத் தந்ததில்லை.

“சார், டைம் அவுட் கேளுங்க சார்! நிக்க வச்சா பதறிடுவா,” என்று அவருடைய அணிப் பெண்கள் பரபரக்கிறார்கள். அவர் எழுந்து கேட்கிறார். விசில் ஒலிக்கிறது. அமலி பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு அவரையே பார்க்கிறாள். அவர் தன் அணியிடம் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

பந்து வளையத்தில் முட்டி வெளியே விழுகிறது. அவருடைய பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். கைகுலுக்கும் வரிசையில் அமலியும் வருகிறாள்.

“நல்லா ஆடினம்மா.”

“தேங்க்ஸ், சார்.”

அவள் கை சில்லென்றிருக்கிறது. அவர் விடாமல் பிடித்திருக்கிறார். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டு நகர்கிறாள். பின்னால் நிற்பவள் கையை நீட்டுகிறாள்.