அண்ணாச்சி சிரித்த பிறகு

முதல் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவதற்கும் இல்லை.

முப்பிடாதி மைக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். மண்டபத்தில் ஐந்நூறு பேர். எல்லோரும் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள். ஒரே நிறச் சேலை, ஒரே நிறச் சட்டை. அத்தனை பேர் கண்ணும் முன்வரிசையின் நடு நாற்காலியில் இருந்தது.

அங்கே அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். கடை முதலாளி.

அவர் தோள் குலுங்க வேண்டும். குலுங்கினால் மேனேஜர்கள் சிரிப்பார்கள். பிறகு சூப்பர்வைசர்கள். அதற்கும் பிறகுதான் மற்றவர்கள். அந்தக் கடையில் சிரிப்புக்கும் சீனியாரிட்டி உண்டு.

வருஷத்துக்கு ஒருநாள் கடையைச் சாத்தி, காலையிலேயே ஆண்டு விழா. பாட்டு, கோலம், இசை நாற்காலி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சென்னையில் படித்துவிட்டு வந்த அண்ணாச்சி மகன்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டாண்ட்-அப் காமெடிப் போட்டியைச் சேர்த்துவிட்டான். செக்‌ஷனுக்கு ஒருவர் பேசியாக வேண்டும். இன்றைக்கு ஒருநாள் என்னையும் கேலி பண்ணலாம் என்று அண்ணாச்சியே தொடங்கிவைப்பார்.

போன வருஷம் சட்டைத்துணி செக்‌ஷன் இசக்கிராஜ் அதை நம்பினான். அண்ணாச்சி மாதிரியே நடந்து காட்டி முதல் பரிசு மிக்சியை வாங்கினான். மறுவாரம் அவனைக் குடோனுக்கு மாற்றினார்கள். பொங்கலுக்கு அவன் கடையில் இல்லை.

யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்பார்களா பின்னே.

அதனால் அவள் உஷாராகத்தான் வந்திருந்தாள். நைட்டி செக்‌ஷனில் வேறு ஆள் சிக்காமல் சூப்பர்வைசர் அவள் பெயரை எழுதிவிட்டார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும். கடை விடுதி அறையில் அவளோடு சேர்த்து ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்தார்கள். கஸ்டமர்களைப் பற்றி மட்டும் போதும் என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த வேலையை நம்பித்தான் ஆறு வீட்டில் அடுப்பு எரிகிறது.

அறையிலேயே சின்னவளான ஜெபக்கனி மட்டும் கேட்கவில்லை. கடையில் பாத்ரூம் போக ஒவ்வொரு மாடிக்கும் ஒரே டோக்கன்தான். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அதை வைத்து அவள் ஒரு ஜோக் சொன்னாள். எல்லோரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். பிறகு, அது மட்டும் வேண்டாம் தாயே என்று கும்பிட்டு ஒதுக்கிவைத்தார்கள்.

மூன்றாவதும் எடுபடவில்லை.

ஐந்நூறு பேர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எப்பேர்ப்பட்ட பயம் என்று மேடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். காது அடைத்தது. அடுத்தது மறந்துபோனது.

வாய் தானாகப் பேசியது.

"கோயில்லயாவது ரூவா குடுத்தா சிறப்பு தரிசனம் உண்டு. நம்ம கடை பாத்ரூமுக்கு எல்லாருக்கும் தர்ம தரிசனந்தான். என் முறை வரும்போது நடையைச் சாத்திட்டாவ."

மண்டபம் சிரித்தது.

யாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை. டோக்கனுக்கு நின்று நின்று அடிவயிறு வலித்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு மேனேஜர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்புறம்தான் அண்ணாச்சியைப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, பின்னால் சிரிக்கிறவர்களை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

அவர் பார்த்த வரிசை அடங்கியது. கடைசி வரிசையும் அடங்கிய பிறகு அவர் தோள் குலுங்கியது.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை வரிசைக்கிரமமாக.

உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட மாட்டாயா முப்பிடாதி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். போகட்டும், தன் வேலைதானே. தன்னோடு போகட்டும்.

அண்ணாச்சி மேடையேறி வந்து மிக்சியைக் கொடுத்தார். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் கையிலிருந்த மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"நல்லாப் பேசுத தாயி. ஆனா இது ஒருத்தி யோசிச்ச மாதிரி தெரியலையே. கூட ஒக்காந்து யோசிச்ச பிள்ளைகளும் மேல வரட்டும். எல்லாத்துக்கும் பரிசு உண்டு."

"நாந்தான் அண்ணாச்சி. நான் மட்டுந்தான்."

மைக் இல்லாமல் அது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

கீழே ஐந்து பேர் எழுந்துவிட்டார்கள். அண்ணாச்சிதான் சிரித்துவிட்டாரே. இசக்கிராஜுக்கு அவர் சிரிக்கவில்லை, கைதான் தட்டினார். அந்த வித்தியாசம் போதும் அவர்களுக்கு.

வராதீர்கள் என்று தலையை ஆட்டினாள். கண்ணைக் காட்டினாள். அவள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டே வந்தார்கள், பாவிகள். ஜெபக்கனி சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் படியேறினாள்.

அண்ணாச்சி ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டார். சூப்பர்வைசர் ஓரமாக நின்று எழுதிக்கொண்டார்.

எல்லோரும் மைக்கில் சத்தமாகச் சொன்னார்கள். இனிஷியலோடு, செக்‌ஷனோடு.