போட்டோ போடுங்க

“முதல்ல இந்த ஆளைக் குரூப்ல இருந்து தூக்கு!” என்று குதித்தான் கணவன்.

அவள் தையல் சொல்லித்தரும் ஆன்லைன் குழுவில், ‘கத்தரி’ என்ற பெயரில் ஒருவர் பொரிந்து தள்ளியிருந்தார். ‘உங்க பாடத்தை நம்பித் தைச்சேன், துணி நாசம். தெரியாட்டி எதுக்கு டீச்சர் வேஷம்?’

‘போட்டோ போடுங்க, பார்க்கலாம்’ என்று நிதானமாகப் பதில் எழுதினாள் அவள்.

“திட்டுறவனுக்கு மரியாதை வேறயா? நாலாயிரம் பேர் பார்க்கிறாங்க!”

“துணி கெட்டுப்போனா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க.”

“நானா இருந்தா இந்நேரம் வெளியே தள்ளியிருப்பேன்.”

அவள் அதே குழுவில் ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினாள். ‘நாளைக்கு வேலை கேட்டுக் கம்பெனியில காட்ட வேண்டிய சட்டை உன் வீடியோவால போச்சு. கடையைச் சாத்திட்டுப் போ!’ கீழே அவள் பதில்: ‘போட்டோ போடுங்க.’ அதற்கும் கீழே: ‘சட்டைக் கையை இடம் வலமா மாத்தித் தைச்சுட்டீங்க. பிரிச்சுத் தைங்க, துணிக்கு ஒண்ணும் ஆகலை.’

கணவனின் காது சிவந்துவிட்டது. போனை வாங்கி, கத்தரிக்குத் தானே எழுதினான்.

‘கவலைப்படாதீங்க. நானும் இங்க திட்டிக்கிட்டே வந்தவன்தான். டீச்சர் என்னைத் தள்ளலை. சட்டை பிழைச்சது, வேலை கிடைச்சது. இன்னும் அவங்களுக்கு ஒழுங்கா ஒரு நன்றி சொல்லலை. டீச்சரையே கட்டிக்கிட்டேன்.’

அவள் ஈரமான கண்ணோடு படித்தாள். கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

“அதை ஏன் அழிச்சே?”

“திட்டினா பொண்ணு கிடைக்கும்னு நாலு பேர் கிளம்பிடுவாங்க!”